இருமல் மருந்தும் என் வீட்டுக்காரர் சிரிப்பும்

மயிலாப்பூரில் மார்கழி வந்தால் எல்லாரும் கச்சேரிக்குப் போவார்கள். என் வீட்டுக்காரர் பத்ரிநாராயணன் இருமுவார். தொண்ணூற்று மூன்றாம் வருஷம் இருமல் முற்றிப்போய், டாக்டர் அபின் வகைக் கொடீன் கலந்த ஒரு சிரப் எழுதிக் கொடுத்தார். அதைக் குடித்த அன்று அவர் சிரித்தார்.

உங்களுக்கு அதன் அருமை தெரியாது, இன்ஸ்பெக்டர் சார். உப்பு கூடினால் தட்டு பறக்கும் வீடு எங்களுடையது. அன்று ரசத்தில் உப்புப் போடவே மறந்திருந்தேன். "லக்ஷ்மி, உப்புக்கு இன்னிக்கு லீவா?" என்றார். நானும் என் பெண் கீர்த்தியும் சமையலறைக்குள் ஓடி, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

இருமல் நின்றது. மருந்தை நான் நிறுத்தவில்லை. என் தம்பி குருபிரசாத் மேற்கு மாம்பலத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறான். கேட்டபோதெல்லாம் சீட்டில்லாமல் கொடுத்தான். "தொண்டைக்கு நல்லது, குடிங்கோ" என்பேன். குடிப்பார். பெசன்ட் நகர் கடற்கரையில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அலையோடு ஓட்டப்பந்தயம் வைத்தார். பாண்டி பஜாரில் எனக்கு எடுத்த புடவையைத் தன் தோளில் போட்டு அழகு காட்டினார். கடைக்காரர் கைதட்டினார். நான் சிரித்துச் சிரித்து அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

உடம்பு இளைத்தது, உண்மைதான். மலச்சிக்கல் வந்தது, ஆபீசில் தூங்கி விழுந்தார். மருந்து தாமதமானால் மூக்கு ஒழுகும், கை நடுங்கும், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடப்பார். அளவைக் கூட்டினேன். எழுந்து சிரித்தார்.

ஒரு நாள் அவரே சொன்னார். "லக்ஷ்மி, இது என்னைத் தின்னுண்டிருக்கு. விட்டுடறேன்."

அடையாறில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்ந்து, படாத பாடு பட்டு, விட்டும்விட்டார். அனுப்பும்போது டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டார். "உடம்பு இப்போ அந்த மருந்தைத் தாங்காதும்மா. பழைய அளவைக் குடிச்சா மூச்சே நின்னுடும்." தலையாட்டினேன்.

வீட்டுக்கு வந்தவர் சாதுவாக இருந்தார். கீர்த்திக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தார். என்னிடம் பழசுக்கெல்லாம் மன்னிப்புக் கேட்டார். ஆனால் சிரிக்கவில்லை, சார். ஒரு நல்ல மனிதர் வீடு முழுக்க மௌனமாக நடந்துகொண்டிருந்தார். எனக்குத் தாங்கவில்லை.

எங்கள் கல்யாண நாளன்று பாயசத்தில் பழைய அளவையே கலந்தேன். ஏலக்காய் வாசனையில் அவருக்குத் தெரியவில்லை. நாற்காலியில் சாய்ந்து, காலால் தாளம் போட்டுக்கொண்டு, என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார். எனக்கும் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. பிறகு அவர் கண் மூடியது. உதடு நீலம் பாரித்தது.

"அம்மா, அப்பா மூச்சு விடறதே சரியா இல்லையே. டாக்டரைக் கூப்பிடட்டுமா?" என்றாள் கீர்த்தி.

"அப்பா தூங்கறார். நீ போய் மல்லிப்பூ வாங்கிண்டு வா."

அவளை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினேன். அவர் கையைப் பிடித்தபடி, மூச்சு நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். மறைக்க ஒன்றுமில்லை. முகத்தில் அந்தச் சிரிப்பு அப்படியே இருந்தது. அதைக் கலைக்க எனக்கு மனசு வரவில்லை, சார். நீங்கள் பார்த்திருந்தால் உங்களுக்கும் வந்திருக்காது.