சீல் வைத்த மூன்று கிணறுகள்

பெயரும் முகவரியும் மேலே எழுதிக்கொண்டபடி சரியே. வயது அறுபத்தாறு. பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றேன். குற்றம் சாட்டப்பட்டிருப்பவன் என் தம்பி. என் கணவர் இறந்த பிறகு நாங்கள் இருவரும் ஒரே வீட்டில் இருக்கிறோம்.

தம்பி பெரிய எரிவாயு நிறுவனமொன்றில் பொறியாளராக இருந்தவன். இனிக் கட்டுப்படியாகாது என்று அந்த நிறுவனம் கைவிட்ட, எங்கள் வீட்டை ஒட்டியிருக்கும் மூன்று கிணறுகளை உரிமம் பெற்றுத் தானே நடத்தி வந்தான். அந்த வாயு நகர மருத்துவமனைக்கும் ஒரு ரொட்டித் தொழிற்சாலைக்கும் குழாயில் போய்க்கொண்டிருந்தது. அளவு சொற்பம். "நாடு நம்மள நம்பி இல்லக்கா. நாலு தெரு இருக்கு, அது போதும்" என்பான்.

மழைக்காலத் தொடக்கத்தில் எரிசக்தித் துறை அதிகாரி வந்தார். கப்பலில் வெளிநாட்டு வாயு மலிவாக வருகிறது, துறைமுகத் தொட்டிகள் நிரம்பிவிட்டன, ஆகவே சிறு கிணறுகளை மறு உத்தரவு வரும்வரை மூட வேண்டும் என்றார். நான் பக்கத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்ததால் அவர்கள் பேசியது என் காதில் விழுந்தது.

"சார், இது கிழட்டுக் கிணறு. தினமும் கொஞ்சமாவது ஓடணும். பூட்டிட்டா அடியில தண்ணி ஏறி அடைச்சுக்கும்."

"மூடத்தானே சொல்றாங்க, தூர்க்கவா சொன்னாங்க? வேணும்னா திறந்துக்கலாம்."

"திறக்கலாம் சார். வரணுமே."

அதன் பின்னர் அதிகாரி மூன்று வால்வுகளுக்கும் கம்பி சுற்றிச் சீல் வைத்தார். என்னிடம் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். யாரும் கோபமாக ஒரு சொல்லும் பேசவில்லை.

மூடி வைத்த கிணறு எப்படிக் கெடும் என்று காவல் ஆய்வாளர் கேட்டதற்குச் சொல்கிறேன். ஒரு உறிஞ்சுகுழலைத் தண்ணீருக்குள் விட்டு ஊதுங்கள். ஊதும்வரை தண்ணீர் குழலுக்குள் வராது. நிறுத்தினால் ஏறிவிடும். மூச்சில் திராணி இல்லாதவரால் அதைத் திரும்ப வெளியே தள்ள முடியாது. இது பாடமில்லை, நடந்ததுதான் என்பதால் எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டேன்.

மூடியிருந்த காலத்தில் தம்பி கிணற்றருகே நடமாடியதாகச் சாட்சி இருப்பதாகச் சொன்னார்கள். உண்மை. தினமும் சாயங்காலம் போய்க் குழாயில் காது வைத்துக் கேட்டுவிட்டு வருவான். சில நாள் நானும் உடன் போயிருக்கிறேன். "என்னடா, ஆஸ்பத்திரியில யாரையோ பார்க்கப் போற மாதிரி போற" என்று கேட்டேன். "அங்கன்னா மருந்தாவது குடுக்கலாம்க்கா. இங்க சீலைத் தொட்டா உள்ள போட்டுருவாங்க" என்றான். தொடவில்லை. இப்போது உள்ளேதான் இருக்கிறான்.

அதன் பின்னர் கடல் வழியில் தகராறு ஏற்பட்டுக் கப்பல்கள் வருவது நின்றது. துறைமுகத் தொட்டிகள் காலியாயின. மருத்துவமனையில் கொதிகலன் அணைந்து, குழந்தைகளைப் போர்வையோடு வண்டிகளில் ஏற்றி வெளியூருக்கு அனுப்பினார்கள். அதைத் தெருவில் நின்று பார்த்தேன். மறுநாள் அதே அதிகாரி இரண்டு காவலர்களுடன் வந்து திறக்கச் சொன்னார். வாசலருகே இருக்கும் கிணற்றின் சீலை அவரே வெட்டினார். தம்பி வால்வைத் திருப்பினான். சீறல் கேட்டது, கொஞ்சம் சேற்றுத் தண்ணீர் துப்பியது, நின்றுவிட்டது. தம்பி குழாய்மேல் கை வைத்தபடி நின்றான். நெருக்கடி நேரத்தில் கொடுக்காமலிருக்க வேண்டுமென்றே கிணற்றைக் கெடுத்தான் என்று சொல்லி அவனைக் கூட்டிப் போனார்கள். மற்ற இரண்டு கிணறுகளையும் திறந்து பார்க்காமலே, சாட்சியப் பொருள் என்று பழைய சீலின் மேல் மறுபடி சீல் வைத்துவிட்டார்கள்.

அவற்றில் மேட்டுக் கிணற்றின் அளவுமானி இன்னும் கொஞ்சம் அழுத்தம் காட்டுகிறது. நேற்றுப் பார்த்தேன், முந்தின நாளைவிட முள் இறங்கியிருக்கிறது. இன்றே யாராவது பொறியாளரை வைத்துத் திறந்தால் மருத்துவமனைக்காவது ஆகும். தம்பியை எப்போது விடுவீர்கள் என்று நான் கேட்கவில்லை. அவன் காத்திருப்பான். கிணறு காத்திருக்காது.

"அதெல்லாம் வாக்குமூலத்துல வராது டீச்சர்" என்று ஆய்வாளர் சொன்னார். "நான் சொன்னேன்னு வரும்ல, அப்படியே எழுதுங்க" என்றேன். எழுதினார்.

மேலே உள்ளதைப் படித்துக் காட்டக் கேட்டேன். யாரும் சொல்லிக் கொடுக்காமல் நானாகச் சொன்னது, அத்தனையும் நடந்தது. இவ்வளவையும் எழுதி முடிப்பதற்குள் மேட்டுக் கிணற்றில் தண்ணீர் இன்னும் கொஞ்சம் ஏறியிருக்கும்.

(கையொப்பம்)