ரோசாவின் முதலெழுத்து

இந்த அறையில் குளிர் கொஞ்சம் அதிகம், ஐயா. வாழ்நாளெல்லாம் அடுப்பு வாயில் நின்றவனுக்கு அது சீக்கிரம் உறைக்கும். பரவாயில்லை, கோட்டைப் போட்டுக்கொண்டே பேசுகிறேன். எழுதிக்கொள்பவருக்குச் சிரமம் இல்லாமல் நிதானமாகவே சொல்கிறேன்.

என் பெயர் பெரண்ட். ஐசல் ஆற்றங்கரை ஊர், சந்தைத் தெருவில் என் பேக்கரி. ஜெர்மன்காரர்கள் ஹாலந்துக்குள் வந்து உட்கார்ந்த பிறகு அவர்களுடைய முகாமுக்கும் நான்தான் ரொட்டி போட்டேன். யாராவது போட்டுத்தானே ஆக வேண்டும்? அதனால் எனக்கு நிலக்கரி தட்டுப்பாடில்லாமல் கிடைத்தது. மற்ற கடைகளில் அடுப்பு அணைந்தபோதும் என் அடுப்பு எரிந்தது. தெருவே அதில் குளிர்காய்ந்தது. நன்றி மட்டும் ஒருத்தருக்கும் கிடையாது.

அதிலும் அடுத்த வீட்டு லாம்பர்ட்டும் அவன் மனைவி ட்ரீனும் மோசம். லாம்பர்ட் பியானோவுக்குச் சுருதி சேர்க்கிறவன், பள்ளியில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. நான் முகாமுக்கு ரொட்டி போட ஆரம்பித்ததுமே ட்ரீன் என் கடையை விட்டாள். மழையோ பனியோ, என் வாசலைத் தாண்டி நடந்து, பாலத்துக்கு அந்தப் பக்கக் கடையில்தான் வாங்குவாள். ஒருநாள் என் மனைவி வாசலில் அவளை நிறுத்தி ஏன் என்று கேட்டாள்.

"உங்க ரொட்டி எங்களுக்குத் தொண்டையில எறங்க மாட்டேங்குதுக்கா," என்று வரிசையில் நின்ற அத்தனை பேர் காதிலும் விழும்படி சொல்லிவிட்டுப் போனாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அது சுட்டது. அதை மறைக்க மாட்டேன்.

நாற்பத்து மூன்றாம் வருஷம் டிசம்பர் வந்தது. புனித நிக்கோலாஸ் திருநாளுக்கு வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் அவரவர் பெயரின் முதலெழுத்தை மாவில் பிடித்துச் சுட்டுக் கொடுப்போம், அது உங்களுக்கே தெரியும். போர் வந்தும் யாரும் அதை விடவில்லை. பாதாம் இல்லாவிட்டால் அவரை விதையை அரைத்து உள்ளே வைத்தார்கள். அந்த வருஷம் பாலத்துக்கு அந்தப் பக்கக் கடையில் கரி தீர்ந்துபோனது. ட்ரீன் துணிப்பையில் மாவோடு என் முன்னால் வந்து நின்றாள்.

"பெரண்ட் அண்ணே, எழுத்து போட்டுத் தரணும்."

"இப்ப மட்டும் தொண்டையில எறங்குமா?"

"குத்திக் காட்டாதீங்கண்ணே. நல்ல நாளும் அதுவுமா."

"சரி விடு. ஒரு எல், ஒரு டி. அவ்வளவுதானே?"

அவள் பையின் முடிச்சைத் திருகிக்கொண்டு நின்றாள். "ஒரு ஆரும் வேணும்ணே. சின்னதா போதும். என் நாத்தனார் பொண்ணு ரோசாவுக்கு. ஹேக்ல இருக்கா. திருநாளன்னிக்கு மத்தியானம் வந்து சூடா வாங்கிக்கிறேன்."

லாம்பர்ட் ஒற்றைப் பிள்ளை. அவசரத்தில் வாய்க்கு வந்த உறவைச் சொல்லிவிட்டாள். அதைக்கூட விடுங்கள். திருநாள் மத்தியானம் சூடாக வாங்கிப் போகிற பலகாரம் ஹேக் நகருக்கு எப்போது போய்ச் சேரும்? வெளியூருக்கு அனுப்புகிறவர்கள் முன்கூட்டியே வாங்கிவிடுவார்கள். அந்த ஆர் அடுத்த வீட்டைத் தாண்டி எங்கும் போகப்போவதில்லை என்று எனக்குப் புரிந்துவிட்டது.

"அதுக்கென்ன தங்கச்சி, செஞ்சு வைக்கிறேன்," என்றேன். அவள் முகம் தெளிந்தது.

யூதர்கள் மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. எங்கள் வைத்தியரே யூதர்தான், தங்கமான மனிதர். ஆனால் அவர்களை ஒளித்து வைக்கக் கூடாது என்று சட்டம் இருந்தது. ரொட்டி எடை குறைந்தால் என்னிடம் அபராதம் கேட்கிற அதே சட்டம். நான் அதற்குக் கட்டுப்படுவேன், என்னைக் கேலி பேசுகிறவர்கள் மட்டும் மீறுவார்கள் என்றால் அது எந்த ஊர் நியாயம்? முகாமுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். திருநாள் மாலை எல்லோரும் சேர்ந்து வீட்டில் இருப்பார்கள், அப்போது வாருங்கள் என்றும் சொன்னேன். வந்தவர்கள் வீணாகத் திரும்பக் கூடாதல்லவா.

அந்த ஆரை அக்கறையாகத்தான் செய்தேன். முகாமிலிருந்து வந்த அசல் பாதாம் கொஞ்சம் இருந்தது, அதை அரைத்து உள்ளே வைத்தேன். அதற்குத் தனியாகக் காசு வாங்கவில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மாலையில் ஒரு ஜெர்மன் அதிகாரியும் நம் ஊர்க் காவலர்கள் சிலரும் வந்தார்கள். நானும் அவர்களோடு லாம்பர்ட் வீட்டுக்குள் போனேன். அந்தக் காவலர்களில் ஒருவர்தான் சற்றுமுன் எனக்கு இந்தக் கதவைத் திறந்துவிட்டார். பரண், நிலவறை, கட்டிலடி என்று எல்லாவற்றையும் புரட்டினார்கள். மேசைமேல் மூன்று எழுத்துகளும் தட்டில் இருந்தன. நாத்தனார் மகளுக்கு என்றே ட்ரீன் சாதித்தாள். அதிகாரிக்கு அலுத்துவிட்டது.

"ஒரு பலகாரத்தைக் காட்டி எங்கள ஓட வச்சிட்டியேய்யா," என்றார் என்னைப் பார்த்து.

லாம்பர்ட் சிரித்தான். "அவனுக்கு வயித்தெரிச்சல் சார். எந்நேரமும் அடுப்புப் பக்கமே நிக்கிறான்ல."

காவலர்களும் சேர்ந்து சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே படியிறங்கினார்கள்.

அன்று மாலை யாராவது கதவைப் பலமாகத் தட்டிவிட்டு, குட்டிக் குட்டி மசாலா பிஸ்கட்டுகளை உள்ளே வாரி இறைப்பதுதானே வழக்கம்? புனிதர் வந்துவிட்டார் என்று பிள்ளைகள் ஓடி வந்து பொறுக்கும். திருநாளன்று எந்தப் பேக்கரிக்காரன் பையிலும் அது ஒரு கை இருக்கும். நான் மட்டும் வாசலிலேயே நின்று, திறந்திருந்த கதவைத் தட்டினேன். கூடத்தில் பிஸ்கட்டை இறைத்தேன். "ரோசா, உனக்குத்தாம்மா," என்று கூப்பிட்டேன். மிரட்டவில்லை, அன்பாகத்தான் கூப்பிட்டேன்.

ட்ரீன் ஏதோ கத்தினாள். அதற்குள் அலமாரிக்குப் பின்னால் பலகை நகர்ந்துவிட்டது. வெளியே வந்தவளுக்கு ஐந்து வயதிருக்கும். லாம்பர்ட் சிரித்தது அந்தக் குழந்தைக்கும் கேட்டிருக்கும், வந்தவர்கள் போய்விட்டார்கள் என்று நினைத்திருக்கும். அந்த நேரத்தில் அவன் சிரித்திருக்கவே கூடாது.

கிழக்கே ரயிலில் கொண்டுபோய் முகாமில் இறக்கிய அன்றே குழந்தையை முடித்துவிட்டார்கள் என்கிறீர்கள். லாம்பர்ட்டும் சிறைமுகாமில் போய்விட்டான். வருத்தம்தான். ட்ரீன் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். உள்ளே வரும்போது உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். போர் முடிந்தும் அந்தத் திமிர் இன்னும் போகவில்லை.

காட்டிக்கொடுத்தவன் என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். அதை அடித்துவிடுங்கள், ஐயா. ஒளிந்திருந்த இடம் எனக்கு எப்படித் தெரியும்? நான் யார் பக்கமும் விரல் நீட்டவில்லை. அவள் தானாகத்தான் வெளியே வந்தாள்.