கரி போடாத முட்டை

கோழி வளர்க்கிற வீட்டில விடிஞ்ச பிறகு யாரும் படுத்துக் கிடக்க ஏலாது, சேர். சேவல் விட்டாலும் புள்ளைகள் விடமாட்டாங்க. எங்கட வீட்டில மூன்று புள்ளைகள், நாலு கோழி, ஒரு சேவல். கண்டக்குழியில எங்கட வேலியைத் தாண்டிப் போற ஆக்கள் இது வீடா சந்தையா என்று கேட்டுட்டுத்தான் போவாங்க. ஜூட் ஒரு சப்பாத்தைக் காணேல்ல என்று வளவு முழுக்க ஓடுவான், அவனுக்குப் பயந்து கோழிகள் ஓடும். சுதர்சினி கண்ணாடிக்கு முன்னால நின்று பின்னலைப் போட்டுப் போட்டுப் பிரிப்பாள். நிலானி தன்ட பாணைக் கோழிக்குப் பிய்ச்சுப் போட்டுட்டு, சாப்பிட்டு முடிச்சன் என்று வெறுங்கையை விரிச்சுக் காட்டுவாள். நான் சம்பலை அம்மியில விட்டுட்டு ஓடிப்போய் ஒருத்திக்குத் தலை இழுத்து விடுவன். எனக்கு அந்தக் காலை நேரம் சரியான விருப்பம். இதையும் எழுதிக்கொள்ளுங்க.

அவங்க நான் பெத்த புள்ளைகள் இல்ல, அது உங்களுக்குத் தெரியும். என்ட அக்கா அனஸ்தாசியாட புள்ளைகள். நிலானிக்குப் பத்து மாசம் நடக்கேக்க அக்கா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனா. அத்தான் கில்பட் கடலுக்குப் போவார், வருவார், நித்திரை கொள்ளுவார். அவரையும் என்னையும் சேர்த்து ஊரில கதைக்கிறாங்களே, அது உண்மையா என்று நேற்றுக் கேட்டீங்க. மாதா அறிய, வீண் கதை. அத்தான் எங்கட வீட்டுக் கதிரை மாதிரி, வைச்ச இடத்தில இருப்பார். எனக்குப் புள்ளைகள்தான். ரெண்டு சம்மந்தம் வந்தது, ரெண்டையும் வேண்டாம் என்றன். இதுகளை யார் பார்க்கிறது? மூத்ததுகள் ரெண்டும் என்னைச் சின்னம்மா என்பாங்க. நிலானி அம்மா என்றுதான் கூப்பிட்டாள். நான் திருத்தேல்ல.

கோழிச் சங்கதியைத் திருப்பித் திருப்பிக் கேட்கிறீங்க, அதனால ஒழுங்காச் சொல்லுறன். புள்ளைகள் முட்டைக்குச் சண்டை பிடிக்கிறாங்க என்று ஆளுக்கு ஒரு கோழியைப் பிரிச்சுக் குடுத்தன். யார்ட கோழி இடுதோ முட்டை அவங்களுக்கு, மற்ற ஆள் தொடப்படாது. சுதர்சினியிட கறுப்புக் கோழி அடுப்படி மூலையில ஒரு கூடைக்குள்ளதான் இடும், வேற எங்கேயும் இடாது, அப்படியொரு பெருமை அதுக்கு. இன்னொரு சட்டமும் இருந்தது. அடை வைக்கிற முட்டையில கரியால ஒரு கோடு கிழிப்பம். அடைக்கோழி படுத்திருக்கிற பெட்டிக்குள்ள மற்றக் கோழியும் பூந்து இட்டுட்டுப் போகும்தானே, கோடு இல்லாதது புது முட்டை, எடுத்துச் சாப்பிடலாம். பக்கத்து வளவு றஹ்மத் உம்மாதான் பழக்கினது. “கோடு கிழிச்சத எடுக்கப்படாது புள்ள. கூடைக்குள்ள இரும்புத் துண்டொண்டும் போட்டு வை, இல்லாட்டி இடிக்கு எல்லாம் கூமுட்டையாப் போகும்” என்பா. குஞ்சு தூக்க வாற உடும்புக்கு நஞ்சு மருந்து போட்டு வைக்கிற முட்டையிலயும் அப்படித்தான் எங்கட பக்கம் கோடு போடுவாங்க. வீட்டில புள்ளைகள் இருக்குதுகள்தானே. நிலானிக்கு அ, ஆ தெரியிறதுக்கு முதலே அந்தக் கரிக்கோடு தெரியும்.

இனி முட்டைக் கோப்பி. ரெண்டு வருஷத்துக்கு முதல் நான் கிணற்றடியில மயங்கி விழுந்தன், இரத்தம் குறைவு என்றாங்க. அடுத்த நாள் காலையில சுதர்சினி தன்ட முட்டையை உடைச்சு, சீனி போட்டு நல்லா நுரைக்க அடிச்சு, கொதிக்கக் கொதிக்கக் கோப்பி ஊத்திக் கொண்டு வந்து நீட்டினாள். “குடியுங்க சின்னம்மா. நீங்களும் விழுந்தா எங்களை யார் பார்க்கிறது?” பதினொரு வயசுப் புள்ளை. எனக்கு யாரும் ஒன்றும் கொண்டு வந்து தந்து பழக்கம் இல்ல, சேர். அன்றைக்கு அழுதிட்டன். அதுக்குப் பிறகு ஒவ்வொரு நாளும் வந்தது. நான் கடைசி ஒரு வாயை மிச்சம் வைப்பன், நிலானி மடியில ஏறியிருந்து அதைக் குடிச்சுட்டு, கப்புக்குள்ள விரலை விட்டு நுரையை வழிச்சு நக்குவாள்.

உயிர்த்த ஞாயிறு முடிய அக்கா வந்தா. ஒரேயடியா வந்திட்டன், இனிப் போகமாட்டன் என்றா. அக்காவைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்ல. நல்லவ. மெலிஞ்சு, கையெல்லாம் வெடிச்சு வந்திருந்தா. மூன்றாம் நாள் காலையில சுதர்சினி முட்டையை அடிச்சு, என்னைத் தாண்டிக் கொண்டு போய் அக்காகிட்டக் குடுத்தாள். “அம்மா பாவம் சின்னம்மா, களைச்சுப் போய் வந்திருக்கிறா” என்றாள். நியாயம்தானே. நான் வெறும் கோப்பி குடிச்சன்.

நிலானி மட்டும் அக்காவோட ஒட்டேல்ல. அக்கா கை நீட்டினா என்ட சட்டைக்குப் பின்னால ஒளிவாள். நான்தான் அப்படிப் பழக்கினது என்று சுதர்சினி சொல்லியிருப்பாள். ஓம், ஒரு நாள் சொன்னன். அவ வெளிநாட்டில இருந்து வந்தவ, அவட கப்பில வாய் வைக்காத என்று. வருத்தம் ஏதும் இருந்தால் புள்ளைக்குத் தொற்றும்தானே. கவனமா இருக்கிறது ஒரு குற்றமா?

பிறகு ஆவணி மாசம், தலவில கோயில் திருநாள் முடிஞ்ச அடுத்த நாள், அக்கா என்னைக் கூப்பிட்டு இருத்தினா. நீர்கொழும்பில வீடு பார்த்தாச்சாம், பள்ளிக்கூடமும் பார்த்தாச்சாம், சனிக்கிழமை எல்லாரும் போறாங்களாம். எல்லாரும் என்றால், என்னை விட்டுட்டு. “நீ எங்களுக்காக உன்ட வயசையெல்லாம் துலைச்சிட்டாய் டொறத்தி. இனி நீ உன்ட பாட்டைப் பார். வீட்டையும் கோழிகளையும் மட்டும் கொஞ்சம் பார்த்துக்கொள், அதுகள் பாவம்தானே.” என்ட கையைப் பிடிச்சுக்கொண்டுதான் சொன்னா. எவ்வளவு அன்பாச் சொன்னா என்று இப்பவும் நினைக்கிறன். ஜூட் உள்ளுக்குத் தன்ட உடுப்பெல்லாம் அள்ளிப் பேக்குக்குள்ள திணிச்சுக்கொண்டு பாட்டுப் பாடினான்.

அந்தக் கிழமை உடும்பு ரெண்டு குஞ்சைத் தூக்கிட்டுப் போனது. அது உடும்பு இல்ல, தண்ணிப் பக்கம் திரியிற கபரகொய்யா என்று ஜூட் சண்டைக்கு நிற்பான். ஏதோ ஒன்று. தோட்டத்துக்கு அடிச்ச மருந்தில கொஞ்சம் போத்தலில மிச்சம் கிடந்தது. ஒரு முட்டைக்குள்ள அந்த மருந்தை ஏத்தி, ஓட்டை தெரியாமல் அடைச்சன். வெள்ளிக்கிழமை விடிய முதல் அதைக் கறுப்புக் கோழியிட கூடையில வைச்சன். உடும்பு அடுப்படிக்குள்ள வருமா என்று கேட்டீங்க. இதுவரைக்கும் வந்ததில்ல. வராது என்று யார் கண்டது?

சுதர்சினி எழும்பி வந்து முட்டையை எடுத்தாள். நல்லா அடிச்சாள், சத்தம் வளவுக்குக் கேட்டது. அக்கா பின் படியில இருந்தா. நான் கோழிக் கூட்டடியைக் கூட்டிக்கொண்டு நின்றன். கப்பைக் குடுத்துட்டு சுதர்சினி தலை இழுக்கப் போனாள். அக்கா ஒரு வாய் குடிச்சா. அப்பதான் நிலானி வந்தாள். எப்பவும் என்னைத் தேடி வாறவள், அன்றைக்கு நேரே போய் அக்காட மடியில ஏறினாள். அடுத்த நாள் வேனில போறதை நினைச்சு அவளுக்குச் சந்தோசம். “அம்மா, எனக்கும் தாங்க” என்றாள்.

அம்மா என்று அக்காவை அவள் அன்றைக்குத்தான் முதல் தரம் கூப்பிட்டாள். அக்காவுக்குக் கண்ணெல்லாம் நிறைஞ்சிட்டுது. “எல்லாம் உனக்குத்தான் என்ட தங்கம், குடி” என்று கப்பை முழுசா அவளிட கையில குடுத்திட்டா.

பத்து அடி தூரம் இருக்கும், சேர். நான் வாயைத் திறந்தால் போதும். அதைத்தான் நீங்க எல்லாரும் மாறி மாறிக் கேட்கிறீங்க, ஏன் கத்தேல்ல என்று. எனக்கு அந்த நேரம் பயம் வரேல்ல. எரிச்சல்தான் வந்தது. எனக்குச் சொன்ன சொல்லை எடுத்து அவவுக்குக் குடுத்திட்டாளே என்று நெஞ்செல்லாம் எரிஞ்சது. அவள் குடிச்சு முடிச்சு, விரலை விட்டு நுரையை வழிக்கிற மட்டும் அந்த எரிச்சல் போகேல்ல. அதுக்குப் பிறகுதான் விளக்குமாற்றைக் கீழ போட்டன்.

புத்தளம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர முதலே அவள் போயிட்டாள். அக்காவை முன் ஆட்டோவில ஏத்தினாங்க, நிலானியை நான் என்ட மடியில வைச்சுக்கொண்டு பின்னால போனன். கடைசியா அவள் இருந்தது என்ட மடியில. அதை அக்காவும் இல்லை என்று சொல்ல ஏலாது.

அக்கா பிழைச்சிட்டா என்று கேள்விப்பட்டன். சந்தோசம். சுதர்சினி சாப்பிடாமல் கிடக்கிறாளாம். அவளிட்ட யாராவது சொல்லுங்க, அவளில ஒரு பிழையும் இல்ல என்று. கோப்பி நல்லாத்தான் போட்டிருந்தாள்.

கோடு போட மறந்திட்டன் என்று முந்தநாள் சொன்னன், நீங்களும் அப்படியே எழுதினீங்க. அதை வெட்டிவிடுங்க. நான் மறக்கேல்ல. அடுப்பில இருந்து எடுத்த கரி என்ட கையிலதான் இருந்தது. முட்டையையும் கரியையும் வைச்சுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றன். உடும்புக்குக் கோடு பார்க்கத் தெரியாது, சேர். கோடு எங்கட ஆக்களுக்குத்தான். கரியைத் திருப்பி அடுப்புக்குள்ள போட்டுட்டு வந்தன். அந்த முட்டை அக்காவுக்கு வைச்சது. இப்ப சரியா எழுதிட்டீங்கதானே, தாங்க, கையெழுத்துப் போடுறன்.

ஆனால் புள்ளையை நான் கொன்றேன் என்று எழுதியிருக்கிற இடத்தில கையெழுத்துப் போடமாட்டன். ரெண்டு வருஷமா நான் அவளுக்கு வைச்சது ஒரே ஒரு வாய். அதுக்கு மேல குடுத்தால் அந்த வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது, அது வளர்த்தவளுக்குத்தான் தெரியும். நீங்களும் புள்ளை குட்டிக்காரர்தானே, நீங்களே சொல்லுங்க. எந்தத் தாய் ஏழு வயசுப் புள்ளைக்கு முழுக் கப்பையும் நீட்டுவா?