ரொட்டிய இப்ப வெட்டாதீங்க

அய்யய்யோ, காபியெல்லாம் வேணாம் டெங்லர் சார். போட்டுட்டீங்களா? சரி, குடுங்க. மொதல்ல இதப் புடிங்க. ரொட்டி, உப்பு. புதுசா குடி வந்தவங்களுக்கு மேயர் கொண்டாந்து குடுக்கணும். வந்து நாலு மாசம் ஆச்சா? லேட்டுதான், திட்டாதீங்க. இருபத்துநாலு வருஷமா சம்பளமில்லாத மேயரு நானு, முட்டி ரெண்டும் போச்சு.

இல்ல இல்ல, இப்ப வெட்டாதீங்க. கத்திய கீழ வைங்க.

நேத்து ஓட்டுப் போட்ட கையோட ஏன் கெளம்பிட்டீங்க? எண்ணும்போது ஊரே தீயணைப்புக் கொட்டாய்ல பீரும் சாசேஜுமா உக்காந்திருந்துச்சு. ஊருன்னா என்ன, நாப்பத்தாறு பேரு.

சின்ன ஊருன்னு எளப்பமா நெனைக்காதீங்க. எழுநூறு வருஷத்துக்கு முன்னாடியே மடத்துச் சாமியார் ஒருத்தர் நம்ம மேல புகார் எழுதி வச்சிருக்காரு. நம்ம ஓபர்வால்ராத் பன்னிங்க மடத்துக் காட்டுல பூந்து மேயுதுன்னு. நம்ம ஊரு பேரு மொதமொதல்ல எழுத்துல வந்தது அதுலதான், அத வச்சுத்தான் ஊரோட எழுநூறாவது வருஷ விழாவே கொண்டாடுனோம். சிரிக்காதீங்க சார், பக்கத்து நீடர்வால்ராத்துக்கு அந்தப் பன்னிகூட கெடையாது!

நான் இந்தத் தடவ நிக்கலல்ல, புது மேயர் கெடைக்கலன்னா அவனுங்களோடதான் நம்மளச் சேத்துருவாங்களாம். மே மாசத் திருவிழாவுக்கு நாம நட்ட கம்பத்த மூணு தடவ திருடிட்டுப் போனவனுங்களோட! நெசமாச் சொல்றேன், எனக்குப் பயம் வந்துருச்சு. ஊருப் பேரே இல்லாமப் போயிருமேன்னு அழுதுகூட இருக்கேன்.

ஆனா யாரும் நிக்கல. ஒருத்தனுக்கு மாடு, ஒருத்தனுக்கு முதுகுவலி. யாரும் நிக்கலன்னா வெறுஞ்சீட்டுல தோணுன பேர எழுதலாம், அதான் நேத்து எழுதுனோம். நீங்க என் பேர எழுதுனீங்க. எனக்கு எப்பிடித் தெரியும்னா? எனக்கு விழுந்தது ஒண்ணே ஒண்ணு. மத்தவங்க எல்லாம் ஒரே பேர எழுதணும்னு முன்னாடியே பேசி வச்சுட்டோம்.

யாரு பேரன்னா கேக்குறீங்க? பஸ் ஸ்டாப்புக் கூர ஒழுகுனப்போ யாரும் கேக்காம ஏணி போட்டு ஏறுனது யாரு? குளிர்ல ஹில்ட்ரூட் பாட்டி வாசல்ல பனி தள்ளுனது யாரு? பாத்து, பாத்து, காபி சிந்துது. உக்காருங்க மொதல்ல.

நிம்மதியா இருக்கலாம்னு வந்தீங்களா? நானும் அதுக்குத்தான் சார் இங்க வந்தேன். எனக்கும் ஒருத்தர் ரொட்டி கொண்டாந்தாரு.

சரி, இப்ப வெட்டுங்க. மெதுவா. ஊராட்சி ஆபீஸ் சாவி உள்ள இருக்கு.