பதினோரு டேப்லெட்டும் ஒருத்தியும்

கும்பகோணத்திலிருந்து நாகூர் போகும் பஸ்ஸில் இடமில்லாமல் நின்றேன். பக்கத்து இருக்கையில் இரண்டு பெண்கள்.

“என் வேலையை நடவுதான் காப்பாத்துச்சுக்கா.”

“என்னடி சொல்ற?”

“ஏஐ டேப்லெட்டே சொல்லிக் குடுக்கும், கணக்கு டீச்சர் வேணாம்னு தாளாளர் என்னை நிறுத்தினாருல்ல? வீட்டுல இருந்தே படிச்சு எல்லாப் புள்ளைங்களும் நூத்துக்கு நூறு.”

“அப்புறம்?”

“அவரு வயக்காட்டுப் பக்கம் போனா, மொத்த வகுப்பும் நாத்து நட்டுக்கிட்டு இருக்கு. பதினோரு டேப்லெட்டும் வரப்புல ஒருத்திகிட்ட. அவதான் எல்லாருக்கும் கணக்குப் போட்டிருக்கா.”

“அட!”

“திங்கக்கிழமை வந்து சேரச் சொல்லிட்டாருக்கா. நேத்துத்தான் நல்லாத் தூங்கினேன்.”

“அந்தப் புள்ளைக்கு அடி இருக்கா?”

“எதுக்கு? ஒரே பாடத்தைப் பதினோரு தடவ படிச்சிருக்கா. அந்தப் பாடத்தை மட்டும் அவளையே நடத்தச் சொல்லப் போறேன்.”