அடிபடாதவன்

பெல்ல அமுக்காத தம்பி. நர்ஸம்மாகிட்ட கேட்டுட்டுதான் உள்ள வந்திருக்கேன். இந்தா, ரெண்டு கையையும் பாத்துக்க, ஒண்ணுமில்ல. உன்ன அடிச்ச பைப்ப போலீஸ்காரங்க எடுத்துட்டுப் போயிட்டாங்க. நான் பாட்டுக்கு இந்த ஸ்டூல்ல உக்காந்து சொல்ல வேண்டியதச் சொல்லிட்டுப் போயிடறேன். உனக்குத்தான் தாடைய கம்பி போட்டுக் கட்டியிருக்காங்களே, நீ பேச வேணாம், கேட்டா போதும். பட்டறைல ஒரு நாளும் ஃபோர்மேன் நான் சொன்னதக் கேட்டதில்ல, இன்னைக்காவது கேளு.

என்ன எழுதற? இரு, கண்ணாடி போட்டுக்கறேன். ஏன் அடிச்சீங்கன்னா? நல்லாக் கேட்ட போ. இத்தன வருஷமா அந்த முலாம் பூசற தொட்டிப் பக்கத்துல நின்னு நான் தொண்டை கிழியக் கத்தினது யாருக்கு, சுவத்துக்கா?

நீலக் கேன்ல வருமே சரக்கு, காட்மியம் ஃப்ளூவோபோரேட். காட்மியமும் போரானும் ஃப்ளூரினும் சேர்ந்தது. நீ சேர்ந்த அன்னைக்கே கேட்ட, தண்ணி மாதிரிதான இருக்கு, இதுக்கு எதுக்குண்ணே இவ்ளோ பில்டப்புன்னு. கண்ணாடி பாட்டில்ல வச்சா கண்ணாடியவே அரிச்சுடும்டா, அதான் பிளாஸ்டிக் கேன்ல வருதுன்னேன். சிரிச்ச. கையுறை இல்லாம மூடியத் திறக்கப் போன. அன்னைக்கே ஒரு அறை விட்டேன், ஞாபகம் இருக்கா?

அதுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. தோல்ல பட்டா உடனே எரியணும்னு அவசியம் இல்ல, சும்மா இருந்துட்டு அப்புறமா வேலையக் காட்டும். கீழ சிந்துச்சுன்னா காய விடக் கூடாது. காஞ்சா உப்பு மாதிரி வெள்ளப் பொடியாயிடும், தொடப்பத்தால கூட்டினா மூக்குக்குள்ள போயிடும். ஈரத்துணியால துடைச்சு பையில போட்டுக் கட்டு. தொட்டிப் பக்கம் வாயில எதையும் வைக்காத. போட்ட சட்டைய வீட்டுக்குக் கொண்டு போகாத, உங்க வீட்டுத் துணியோட சேத்துத் தொவைக்காத. எல்லாத்துக்கும் மேல, சூடு காட்டாத. படிச்சுப் படிச்சுச் சொன்னேனா இல்லையா?

திங்கக்கிழமை மத்தியானம் சாப்ட்டு கை கழுவிட்டு வரேன். பின்பக்க ரூம்ல நீயும் உங்கண்ணனும். ஆறு மாசமா சாமான மாட்டித் தொட்டிக்குள்ள தொங்கவிட்டு, விரல் மொத்தத்துக்குக் காட்மியம் ஏறின கொக்கியெல்லாம் தரையில குவிஞ்சு கெடக்கு. அத எடுக்கணும்னா கரைசல்ல அரை நாள் ஊறப் போடணும். அந்த அரை நாள் உங்களுக்குப் பொறுக்கல. கேஸ் டார்ச்ச வச்சு உருக்கறீங்க. கதவு சாத்தியிருக்கு. புகை இழுக்கற ஃபேனையும் அமத்தியாச்சு, ஏன்னா உங்கண்ணன் போன்ல மேட்ச் கேக்கறாரு, அவருக்குச் சத்தம் ஆகாது.

உனக்கு ஈயம் உருகற மாதிரி வேடிக்கை. எனக்கு அந்தப் பழுப்புப் புகையப் பாத்ததும் கண்ணு இருட்டிடுச்சு. நான் முன்னாடி இருந்த பட்டறைல ஒரு வெல்டர் அப்படிப் போனதப் பாத்திருக்கேன். மொத நாள் தொண்டை கரகரங்கும், அவ்ளோதான். ரெண்டாம் நாள் சளிக் காச்சல்னு மாத்திரை போட்டுப் படுத்தான். அப்புறம் நுரையீரல்ல தண்ணி கோத்து, ஒரு சொட்டுத் தண்ணி இல்லாத ரூம்ல கட்டில்ல உக்காந்தபடியே மூழ்கிப் போனான்.

என்ன, வாயால சொல்லியிருக்கலாமா? மூச்சப் புடிச்சுக்கிட்டு உள்ள ஓடி வரவன் எந்த வாயால சொல்றது? சுவத்துல சாஞ்சிருந்த பைப் கைக்கு வந்துச்சு. மொத அடி டார்ச்சுக்கு. ரெண்டாவது அடி உனக்குத்தான், மறைக்கல. தாடை உடையற சத்தம் எனக்கே கேட்டுச்சு. அதுக்கப்புறம் வயித்துல விட்டேனே ஒரு உதை, அதுக்கு ஒரு காரணமும் கிடையாது. வெறி. காலரப் புடிச்சுத் தரதரன்னு இழுத்துட்டு வந்து வெளிய போட்டேன். உன் பல்லு ஒண்ணு என் பூட்ஸ்ல ஒட்டிக்கிட்டு இருந்துச்சு, ஸ்டேஷன்ல பூட்ஸக் கழட்டச் சொன்னப்பதான் பாத்தேன்.

முறைக்காத. அடி உதவற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்னு சும்மாவா சொன்னாங்க. தாடை உடைஞ்சதாலதான உன்ன இங்க தூக்கிட்டு வந்தாங்க? டாக்டரம்மா தாடையத்தான் பாத்தாங்க. புகையக் குடிச்சிருக்கான், நெஞ்சப் பாருங்கன்னு வராண்டால நின்னு நான் கத்தினேன். பைத்தியம்னு நெனச்சாங்க. செவ்வாய்க்கிழமை உனக்கு மூச்சு வாங்க ஆரம்பிச்சப்ப ஆக்சிஜன் ரெடியா இருந்துச்சு. அதான் இப்ப உக்காந்து முறைக்கற.

நன்றிக்கு வரல. கேஸ வாபஸ் வாங்குன்னு கேக்கவும் வரல. சாயங்காலம் போலீஸ் வரும், தாராளமா கையெழுத்துப் போடு. உள்ள போறேன்.

இப்ப என்ன, அண்ணன் எங்கன்னு எழுதறியா? அடியில கோடு போட்டு வேற காட்டற. சொல்றேன், அதுக்குத்தான வந்தேன்.

நானும் உங்கண்ணனும் ஒரே நாள்ல வேலைக்குச் சேந்தவங்க. உன்ன நான் அடிச்சதும் என்னத் தள்ளிட்டு ஓடினான். பைப்ப அவன் மேல வீசினேன். கையில கெடச்சா கொன்னுடுவேன்டான்னு கத்தினேன். சுவரேறிக் குதிச்சுப் போயிட்டான்.

உனக்கு மூச்சு வாங்கினதும்தான் எனக்கு உறைச்சுச்சு, அவனும் அந்த ரூம்லதான இருந்தான்னு. அவன் வீட்டுக்கு ஓடினேன். உள்ள தாழ்ப்பாள், இருமற சத்தம் மட்டும் கேக்குது. நீயும் அந்தப் புகையக் குடிச்சிருக்கடா, வாடா ஆஸ்பத்திரிக்குன்னேன். வெறும் சளி, என் தம்பியப் படுக்கப் போட்ட மாதிரி என்னையும் படுக்கப் போட வந்தியா, போடாங்கறான். கதவ உதைச்சேன். நாயே பேயேன்னு திட்டினேன். நான் உதைக்க உதைக்க அவன் பீரோவ நகத்தி கதவுக்கு முட்டுக் குடுக்கறான். இருபது வருஷமா கைய நீட்டியே பேசினவன் திடீர்னு நல்லது சொன்னா எவன் நம்புவான்? அப்ப செத்துத் தொலைன்னு சொல்லிட்டு வந்துட்டேன். வேலைக்குப் போயிருந்த உங்க அண்ணிக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். நம்பர் இருந்துச்சு. ஆத்திரத்துல போடல. மறுநாள் காலைலயே என்னப் புடிச்சு உள்ள வச்சுட்டாங்க. அங்கயும் சொன்னேன். தப்பிக்கக் கதை விடறேன்னு சிரிச்சாங்க.

இன்னைக்குக் காலைலதான் ஜாமீன்ல விட்டாங்க. நேரா அங்கதான் போனேன். நேத்து சாயங்காலம் மூச்சு விட முடியலன்னு அண்ணி வண்டி புடிச்சு இங்கதான் கூட்டிட்டு வந்திருக்காங்க. வாசல் வரைக்கும் வந்துட்டான். உசிரோட உள்ள வரல.

அழு. தாடைய அசைக்காத, கம்பி குத்தும்.

அந்தப் பைப் அவன் காலுல பட்டிருந்தா பக்கத்துக் கட்டில்ல படுத்துக்கிட்டு என்னத் திட்டிட்டு இருந்திருப்பான். குறி தப்பிடுச்சு தம்பி.