பல் தடம்

— கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க டீச்சர். என் பொண்ணு கையில இருக்கறது பல் தடமா, இல்லையா?

— பல் தடம்தான் மேடம். ஒரு நிமிஷம், முதல்ல உக்காருங்க.

— உக்கார வரல. நீங்க போன் பண்ணினதும் கோர்ட்ல வாய்தா வாங்கிட்டு, கவுனைக்கூடக் கழட்டாம ஓடி வந்திருக்கேன். ஒவ்வொரு தடவையும் இப்படித்தான் ஓடி வரேன். இன்னிக்கு எனக்கு ஒரு முடிவு தெரிஞ்சாகணும். அந்தப் பையனோட அப்பாவை வரச் சொல்லுங்கன்னேனே, எங்க?

— வந்துட்டேன் வக்கீலம்மா. பட்டறையில வெல்டிங் அடிச்சிட்டிருந்தேன். கையெல்லாம் கரி, அதான் வாசல்லயே நின்னேன்.

— பரவால்ல, உள்ள வாங்க சார். இதுல உக்காருங்க.

— இதுலயா? பிள்ளைங்க நாற்காலி, சத்தியமா உடைஞ்சிரும் டீச்சர். நான் நின்னுக்கறேன்.

— நின்னுட்டே கேளுங்க. உங்க பையன் என் பொண்ணைத் திரும்பவும் கடிச்சிருக்கான்.

— சத்தியமா என்ன சொல்றதுன்னே தெரியல வக்கீலம்மா. ஆரம்பத்துல, ரயில் பொம்மைக்கு அடிச்சுக்கிட்டாங்களே, அப்போ கடிச்சது நெசம். அவனே வந்து சொன்னான். அதுக்கப்புறம் நடந்தது எதுவும் நான் இல்லப்பான்னு அழறான். பொய் வேறயாடான்னு நாலு சாத்து சாத்தினேன். அப்பவும் அதையேதான் சொல்றான்.

— அடிங்கன்னு நான் சொல்லல. ஆனா அவன்தான் கடிச்சான். 'அவனாடா உன்னைக் கடிச்சான்?'னு கேட்டேன். ஆமான்னு தலையாட்டினா என் பொண்ணு. அதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?

— யாருன்னு கேக்காம, அவனான்னு நீங்களே கேட்டீங்க மேடம்.

— என்ன டீச்சர், குறுக்கு விசாரணையா? அதெல்லாம் என் வேலை.

— ஒரு நிமிஷம் மேடம், நான் என்ன சொல்ல வரேன்னா...

— நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். சார், வேற ஸ்கூல் பாருங்க. பெத்தவங்க சங்கத்துல எல்லார்கிட்டயும் பேசிட்டேன், யாரும் மறுக்கல. இங்க மாடிப்படிக்குக் கம்பி போட வெச்சது நான். ஒத்தை ஆளா அத்தனை பிள்ளைங்களோட இவங்க திண்டாடினப்போ, நிர்வாகத்தோட மல்லுக்கட்டி உதவிக்கு ஆயா வாங்கிக் கொடுத்தது நான். இல்லன்னு சொல்லுங்க டீச்சர்.

— எப்படி இல்லம்பேன்? உங்க புண்ணியத்துலதான் நான் மூச்சு விடறேன்.

— ஊரான் பிள்ளைக்குப் பேசினப்போ இனிச்சுது. என் பொண்ணுக்குப் பேசினா மட்டும் ஏன் கசக்குது?

— கசக்கல மேடம். உங்ககிட்ட ஒரே ஒரு காலைப்பொழுதுதான் கேட்டேன். கிளாஸ்ல ஒரு ஓரமா உக்காந்து பாப்பாவைப் பாருங்கன்னு.

— எங்க இருக்கு நேரம்? காலையில வேன்ல ஏத்தி விடறேன். சாயங்காலம் வந்தா அவ சித்தி பார்த்துக்கறா. நான் வீடு போய்ச் சேரறப்போ தூங்கிடறா. இங்க வந்து களிமண்ணு உருட்டினாத்தான் நல்ல அம்மாவா?

— நான் அப்படிச் சொல்லவே இல்லையே...

— விடுங்க டீச்சர். என்னையும்தான் கூப்பிட்டீங்க, நான் மட்டும் வந்தேனா? பட்டறை பட்டறைன்னு கிடந்தேன். சண்டை எதுக்கு? எம் பயலை வேற எங்கயாச்சும் சேர்த்துக்கறேன். கூப்பிடுங்க அவனை, கையோட கூட்டிட்டுப் போயிடறேன்.

— சார்... அவன் இன்னிக்கு ஸ்கூலுக்கே வரல.

— வரலையா? நான் கிளம்பறப்போ தூங்கிட்டிருந்தானே.

— உடம்பு அனலாக் கொதிக்குதுன்னு அவங்க அம்மா போன் பண்ணினாங்க.

— ஒரு வார்த்தை எங்கிட்ட... காலையில பட்டறைச் சத்தத்துல அவ போன் கேட்டிருக்காது. பாவி, அந்தப் பயலையா நான் அடிச்சு...

— இருங்க, இருங்க. பையன் வரலன்னா, இன்னிக்கு என் பொண்ணைக் கடிச்சது யாரு?

— அதைத்தான் தனியாப் பேசணும்னு பார்த்தேன் மேடம். சார், நீங்க கொஞ்சம் வெளிய இருக்கீங்களா?

— அவர் ஏன் போகணும்? யாரை மூடி மறைக்கப் பார்க்கறீங்க? இத்தனை நாள் பழி சுமந்தவர் அவர். எதுவானாலும் அவர் முன்னாடியே சொல்லுங்க.

— நான் போறேன் வக்கீலம்மா. எம் பயலைப் பார்க்கணும்.

— நில்லுங்க சார், உங்களுக்கு நான் நியாயம் வாங்கித் தரேன். யாரு டீச்சர்?

— நீங்க தாங்கணும் மேடம்.

— கொலைக் கேஸ் நடத்தறவ நான். சொல்லுங்க.

— எப்பவும் அதே இடது கை. அதே இடம், மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேல. போன தடவையே மனசுல உறுத்திச்சு. இன்னிக்கு அவ மேலயே கண்ணா இருந்தேன். மத்த பிள்ளைங்க தோட்டத்துக்கு ஓடினாங்க. அவ மட்டும் பொம்மை அலமாரிக்குப் பின்னாடி போனா. சட்டைக் கையை நிதானமா மேல ஏத்தி விட்டுக்கிட்டா.

— கூட யாரு இருந்தா?

— யாரும் இல்ல.

— யாரும் இல்லாம எப்படி...

— நான் ஓடிப்போய்க் கையைப் பிடிக்கறதுக்குள்ள பல் பதிஞ்சிடுச்சு மேடம். அவ பல்லுதான்.

— பொய். என் பொண்ணு ஏன்... இல்ல. நீங்க சரியாப் பார்த்திருக்க மாட்டீங்க.

— பார்த்தேன் மேடம்.

— வக்கீலம்மா, முதல்ல பாப்பாவைப் போய்ப் பாருங்க.

— எங்க அவ?

— தோட்டத்துல, ஆயாகூட. மருந்து போட்டாச்சு.

— ஏன்னு கேட்டீங்களா அவளை?

— மடியில உக்கார வெச்சுக் கேட்டேன். ஏன்டா கண்ணு, வலிக்கலையான்னு.

— என்ன சொன்னா?

— இப்போ வேணாமே மேடம்...

— என்ன சொன்னா டீச்சர்?

— 'வலிக்கும் டீச்சர். ஆனா தடம் இருந்தாத்தான் நீங்க போன் பண்ணுவீங்க, அம்மா வருவாங்க'ன்னா.